மூன்றாவது பெயர்

மஸ்கட்
18 ஜூன் 2025

ஜெயா,

வாட்ஸப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. மெயில் என்றால் ஏதோ அலுவல் என்று நினைத்தாவது திறப்பாய் என்று இதை எழுதுகிறேன். சஃப்ரின் என்று ஒருத்தி இருந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? கல்லூரியில் நான்கு வருடம் உன் பக்கத்து இருக்கை. தென்காசி கூலக்கடை பஜார் மாடி அறையில் உன்னோடு உட்கார்ந்து குற்றால அருவிகளுக்கான 'சாரல் நிலவரம்' இணையப் பக்கத்தைக் கட்டியவள். ஜனவரியில் நிக்காஹ் முடிந்து இங்கே வந்தவள்.

இங்கே நாற்பத்து நான்கு டிகிரி. இவர் காலையில் வேலைக்குக் கிளம்பினால் வீட்டில் நானும் ஏசியும்தான். நாளைக்குப் பத்து தடவையாவது நம் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். ஐந்தருவியில் தண்ணீர் கூடினால் அதன் அட்டை மேலே ஏறி வருகிறது. புலியருவி வற்றினால் அதன் அட்டை காணாமல் போகிறது. அந்த இரண்டுக்கும் நிரல் எழுதியவள் நான். ஒரு பெட்டியை உண்டாக்கு, அதற்குள் எழுத்தை வை, பக்கத்தில் சேர். வேண்டாமென்றால் நீக்கு. முதல் தடவை அது வேலை செய்தபோது நீ மேசையில் ஏறி நின்று கத்தினாய், கீழே பாத்திரக்கடைக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்.

நேற்றும் அப்படித்தான் திறந்தேன். அடியில் 'ஆக்கம்: சஃப்ரின், ஜெயசித்ரா' என்ற வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி. 'வேல்விழி.'

யார் அது?

இவரிடம் காட்டினேன். "பேருதானே, இருந்துட்டுப் போகட்டுமே" என்கிறார். இவருக்கு என்ன தெரியும்.

சஃப்ரின்

குற்றாலம்
22 ஜூன் 2025

சஃப்ரின்,

கோபப்படாதே. சீசன் என்றால் எப்படியிருக்கும் என்று உனக்கே தெரியும். அப்பா ஐந்தருவிப் பழக்கடையிலிருந்து அரை மணிக்கொரு தடவை போன் அடிக்கிறார். "ஏட்டி, அஞ்சு கிளையிலயும் விழுது, பொம்பளையள் பக்கம் கூட்டம் நெருக்குது, போட்டுரு" என்பார். நான் போட்டு முடிப்பதற்குள் பழைய குற்றாலத்திலிருந்து இன்னொருவர் கூப்பிடுவார். போன ஞாயிறு மட்டும் ஒன்பதாயிரம் பேர் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். உனக்குப் பதில் எழுதக்கூடாது என்றில்லை, சாப்பிடவே நேரமில்லை.

வேல்விழி கடையத்துப் பிள்ளை. பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மே மாதம் தானாக ஒரு மெயில் அனுப்பினாள். 'உங்கள் பக்கத்தில் எச்சரிக்கை மேலே வருகிறது, போனில் கீழே தள்ளிப் படிக்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை. திரையின் அடியில் ஒட்டிக்கொண்டே நிற்கிற மாதிரி ஒரு சிவப்புப் பட்டை வைக்கலாமே' என்று. நாம் இரண்டு பேரும் நாலு வருடமாக யோசிக்காத விஷயம். வரச் சொன்னேன். இப்போது தினமும் காலையில் பஸ்ஸில் வருகிறாள். வந்ததும் ஈரக் குடையை மடக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டாள்.

அந்தப் பட்டையை அவள்தான் எழுதினாள். மலையில் கனமழை என்று தகவல் வந்தால் பக்கத்தின் கடைசியில் அது சேர்ந்துவிடும். எந்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்தாலும் கண்ணில் படும். உனக்குக் கட்டாயம் பிடிக்கும்.

வேலை செய்கிறாள், பெயர் போட்டேன். அவ்வளவுதான்.

ஜெயசித்ரா

மஸ்கட்
25 ஜூன் 2025

ஜெயா,

அவள் எழுதியதை எல்லாம் பார்த்தேன். பக்கத்தைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது எனக்கென்ன பெரிய வேலையா?

நிரலில் பெயர் வைக்கத் தெரியவில்லை அவளுக்கு. ஒரு இடத்தில் 'பெட்டி', இன்னொரு இடத்தில் 'பெட்டி2'. ஒரே வேலையை மூன்று இடத்தில் செய்கிறாள். நான் ஒரே வரியில் முடித்திருப்பேன். சிவப்புப் பட்டை நல்ல யோசனைதான், இல்லையென்று சொல்லவில்லை. அதை எனக்கு எழுதிக் கேட்டிருந்தால் அரை நாளில் செய்து அனுப்பியிருப்பேனே. மஸ்கட்டில் இன்டர்நெட் இல்லையென்று யார் சொன்னார்கள் உன்னிடம்?

என் நாற்காலியில்தானே உட்காருகிறாள்? ஜன்னலோரம்?

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. என் லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து, அவள் பெயர் இருக்கும் வரியைத் தேடிப் பிடித்து நீக்கினேன். உடனே பழையபடி ஆகிவிட்டது. நம் இரண்டு பேர் மட்டும். கொஞ்ச நேரம் அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பக்கத்தைப் புதுப்பித்தேன், திரும்ப வந்துவிட்டாள். என் திரையில் மட்டும் நீக்கினால் உலகத்துக்கு அது தெரியாது என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் தினம் ஒரு தடவை செய்கிறேன்.

அந்த வரியை எடுத்துவிடு ஜெயா. வேலைக்கு ஆள் வைத்துக்கொள், வேண்டாமென்று சொல்லவில்லை. பெயர் எதற்கு?

சஃப்ரின்

தென்காசி
29 ஜூன் 2025

சஃப்ரின்,

உன் மெயிலைப் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அவள் 'பெட்டி2' என்று எழுதுவது எனக்கும் தெரியும். நீ ஆரம்பத்தில் என்ன எழுதினாய் என்றும் எனக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் நீ ஒரு அட்டையை நீக்கப் போய் மொத்தப் பக்கத்தையும் வெள்ளையாக்கினாயே, அன்றைக்கு நான் உன்னைப் பெயர் போடத் தகுதியில்லாதவள் என்றா சொன்னேன்?

ஜனவரி பத்தாம் தேதி உனக்கு நிக்காஹ். இருபதாம் தேதி விமானம். இந்தப் பக்கத்தை இனி யார் பார்ப்பது என்று நீ ஒரு வார்த்தை கேட்டாயா? ஏர்போர்ட்டிலிருந்து செல்பி அனுப்பினாய். பிப்ரவரி முழுக்க நீ எப்போது கூப்பிட்டாலும் "இவரு இப்படிச் சொன்னாரு, இவரு அதை வாங்கித் தந்தாரு" என்றுதான் பேச்சு. பக்கத்தைப் பற்றி நீ முதன்முதலில் கேட்டதே அதில் இன்னொரு பெயரைப் பார்த்த பிறகுதான்.

வேல்விழி பெயரை எடுக்க மாட்டேன். வேலை செய்கிறவள் பெயர் இருக்கும். ஆறு மாதமாக வேலை செய்யாதவள் பெயரைக்கூட நான் எடுக்கவில்லை. அதை ஒரு தடவை யோசித்துப் பார்.

நாற்காலி ஜன்னலோரம்தான் இருக்கிறது. ஆமாம், அவள்தான் உட்காருகிறாள்.

ஜெயசித்ரா

மஸ்கட்
6 ஜூலை 2025

ஜெயா,

நீ சொன்னது சரி. நான் சின்னப்பிள்ளை மாதிரி எழுதிவிட்டேன், விட்டுவிடு. அவள் பெயர் இருந்தால் எனக்கென்ன. நல்லா இருக்கட்டும்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல். மங்குஸ்தான் வந்துவிட்டதா?

சஃப்ரின்

குற்றாலம்
15 ஜூலை 2025

சஃப்ரின்,

யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உன்னைத்தான் நினைத்தேன். சண்டையெல்லாம் அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு, பக்கத்தில் போட்டிருக்கிற நம்பருக்கு ஒரு போன் வந்தது.

"சாரல் நிலவரம் போடுதது நீங்கதானா?"

"ஆமா அண்ணாச்சி, சொல்லுங்க."

"திருவேங்கடத்துலேர்ந்து பதினோரு பேரு வேன் புடிச்சு வந்தோம். உங்க பேஜைப் பாத்துட்டுத்தான் வந்தோம். தண்ணி நல்லா விழுதுன்னு போட்டிருக்கிய. வரக்கூடாதுன்னு ஒரு வார்த்தை போட்டியளாம்மா?"

அவர் பெயர் நல்லக்கண்ணு. மலையில் காலையிலிருந்து கனமழை. அருவியில் போலீஸ் யாரையும் விடவில்லை. இவ்வளவு தூரம் வந்ததற்கு ஓடையிலாவது முங்கிவிட்டுப் போவோம் என்று கீழே ஒரு இடத்தில் இறங்கியிருக்கிறார்கள். தண்ணீர் சட்டென்று ஏறிவிட்டது. மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். அவர் மனைவி வடிவம்மாளை மட்டும் இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் அடித்திருக்கிறது. ஒரு மர வேரில் சேலை சிக்கியதால் உயிர் பிழைத்தார். வலது மணிக்கட்டு முறிந்து எலும்பு வெளியே தெரிந்ததாம்.

தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வேல்விழியும் வந்தாள். நடைபாதையில் நின்றே அவளிடம் கேட்டேன். ஏனென்றால் மழைத் தகவல் வந்ததும் பட்டை போடச் சொல்லி அவளிடம்தான் காலையில் சொல்லியிருந்தேன். 'இன்று வர வேண்டாம், ஓடையிலும் இறங்க வேண்டாம்' என்று.

"போட்டேன்க்கா. எட்டேகாலுக்கே போட்டேன். எம் போன்ல வந்துச்சு."

"எங்கட்டி வந்துச்சு? இந்தா பாரு." என் போனில் பக்கத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். பட்டை இல்லை. நல்லக்கண்ணு அண்ணாச்சி போனிலும் இல்லை. நர்ஸ் ஒருத்தியிடம் கேட்டு அவள் போனிலும் திறந்தேன். இல்லை.

"சோதிச்சுப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்க்கா. சத்தியமா வந்துச்சு."

"பொய் சொல்லாதட்டி. ஒரு பொம்பளை உள்ள கை ஒடிஞ்சு கிடக்கா."

சத்தமாகத்தான் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. இனி வர மாட்டாள் என்று நினைக்கிறேன்.

வடிவம்மாளுக்கு இன்று ஆபரேஷன். தகடு வைத்திருக்கிறார்கள். உள்ளே போகும்போது என்னைப் பார்த்து, "நீதான் தண்ணி விழுதுன்னு எழுதுத பிள்ளையா?" என்று மட்டும் கேட்டார்.

என்னால் பக்கத்தைத் திறந்து பார்க்கவே முடியவில்லை.

ஜெயா

மஸ்கட்
16 ஜூலை 2025

ஜெயா,

உன் மெயிலைப் படித்தேன். நீ உன்னைக் குறை சொல்லிக்கொள்ளாதே. நீ செய்ய வேண்டியதைச் செய்தாய்.

அந்தப் பெண்ணுக்கு அனுபவம் போதாது என்று நான் முன்னாலேயே சொன்னேன். இப்போது அதைப் பேச வேண்டாம். போனவள் போகட்டும். பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கும் எனக்கும் ஒன்றரை மணி நேரம்தானே வித்தியாசம். நீ எழுந்திருக்கும்போது நானும் எழுந்துவிடுவேன். நீ தகவல் மட்டும் சொல், நான் போட்டுவிடுகிறேன். பழையபடி நாம் இரண்டு பேர்.

பட்டை இப்போது சரியாக வரும். நீ எதையும் தேடிக் கஷ்டப்பட வேண்டாம்.

சஃப்ரின்

தென்காசி
18 ஜூலை 2025

சஃப்ரின்,

நீ இப்படி எழுதியது ஆறுதலாக இருந்தது. இரண்டு நாளாக நீயே எல்லாவற்றையும் போடுகிறாய், நான் ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடிகிறது. வடிவம்மாள் நாளை வீட்டுக்குப் போகிறார்.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. நேற்று நாலு போனில் சோதித்துப் பார்த்தேன். பட்டை எல்லாவற்றிலும் வருகிறது. வேல்விழி எழுதியதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வராதது இப்போது எப்படி வருகிறது?

இன்னொன்று. வேல்விழியின் அம்மா போன் செய்தார்கள். மகள் சாப்பிடாமல் கிடக்கிறாளாம். "எம்மவ ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுதா. 'எம் பேரை அவிய எடுத்தப்பவே நான் வேலைய விட்டு நின்னிருக்கணும்'ங்குதா. அப்படி என்ன தப்பு பண்ணிட்டான்னு பேரை எடுத்திய?" என்று கேட்டார்கள்.

நான் எடுக்கவே இல்லையே. இப்போது பார்த்தேன், பெயர் இருக்கத்தான் செய்கிறது.

வேல்விழி நான் திறந்து வைக்கிற கணினியில்தான் வேலை செய்வாள், பாஸ்வேர்ட் நம் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. நீ ஏதாவது பார்த்தாயா?

ஜெயா

மஸ்கட்
20 ஜூலை 2025

ஜெயா,

நான்தான்.

இதை எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. ஆறு தடவை எழுதி ஆறு தடவை அழித்தேன். ஏழாவது தடவை எழுதுவதை அழிக்காமல் அனுப்ப வேண்டும் என்று உம்மா மேல் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை ஐந்தாம் தேதி, நாற்காலியைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருப்பது கண்ணிலேயே நின்றது. அவள் சொல்வதற்கு நீ சிரிப்பாய். மத்தியானம் உன் டிபனிலிருந்து எடுத்துச் சாப்பிடுவாள். இங்கே நான் யாரோடு பேசுவது? இவர் நல்லவர்தான் ஜெயா. ஆனால் இவரிடம் ஒரு வரி வேலை செய்துவிட்டது என்று சொன்னால் "அப்படியா, டீ இருக்கா" என்று கேட்பார்.

பழைய பாஸ்வேர்ட் போட்டேன். திறந்தது. நீ மாற்றவே இல்லை. என்னை நம்பினாய் என்று அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை. கவனக்குறைவு என்றுதான் நினைத்தேன்.

நான் முன்பு எழுதிய பழைய கோப்பு ஒன்று உண்டு, யாரும் திறப்பதில்லை. அதன் அடியில் ஒரு வரி சேர்த்தேன். பக்கம் திறந்து ஒரு நொடி ஆனதும், கடைசியில் என்ன இருக்கிறதோ அதை நீக்கு. அன்றைக்குக் கடைசியில் இருந்தது அவள் பெயர். அது போய்விட்டது. இந்த முறை எல்லார் திரையிலும். சந்தோஷமாகத் தூங்கினேன், சத்தியமாக.

அவள் பெயரை நீக்கு என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் அவள் பெயரை நான் தட்டச்சு செய்ய வேண்டும். அதுகூடப் பிடிக்கவில்லை. அதனால் 'கடைசியில் இருப்பதை' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எட்டேகாலுக்குப் பட்டையைப் போட்டாள். பட்டை பக்கத்தின் கடைசியில்தானே சேரும்? அவள் போனில் பக்கம் ஏற்கெனவே திறந்திருந்தது, என் வரி ஓடி முடிந்திருந்தது. அதனால் அவளுக்குப் பட்டை தெரிந்தது. அதற்குப் பிறகு புதிதாகத் திறந்த ஒவ்வொருவருக்கும் பட்டை வந்து, ஒரு நொடியில் என் வரி அதை எடுத்துவிட்டது. அவள் பெயர் பிழைத்துக்கொண்டது, எச்சரிக்கை போய்விட்டது. திருவேங்கடத்தில் அந்த அண்ணாச்சி போனைத் திறந்தபோதும் அப்படித்தான் போயிருக்கும்.

உன் பதினைந்தாம் தேதி மெயிலின் பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? உள்ளே போய் அந்த வரியை எடுத்தேன். தடயம் இல்லாமல். பிறகுதான் உனக்கு ஆறுதல் எழுதினேன். அவளுக்கு அனுபவம் போதாது என்று எழுதினேன். பழையபடி நாம் இரண்டு பேர் என்று எழுதினேன். அந்த இரண்டு நாளும் உன்னோடு வேலை செய்தபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் பொய்யாகிவிடும்.

அவள் பொய் சொல்லவில்லை. அவளிடம் சொல்லிவிடு.

என் பெயரைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடு.

சஃப்ரின்

குற்றாலம்
31 ஜூலை 2025

சஃப்ரின்,

பதினோரு நாள் உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். பக்கத்தின் மேலே ஒரு அறிவிப்பு வைத்திருக்கிறேன், பார்த்திருப்பாய். 'ஜூலை 13 அன்று எங்கள் தவறால் எச்சரிக்கை பலருக்குத் தெரியாமல் போனது. அதனால் ஒருவர் காயமடைந்தார்' என்று. எங்கள் என்றுதான் போட்டேன். யார் என்று போடவில்லை.

இருபத்தோராம் தேதி கடையத்துக்குப் போனேன். வேல்விழி வீட்டு வாசலில் நெல் காயப்போட்டிருந்தார்கள். அவள் அதைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. உன் மெயிலை அப்படியே போனில் காட்டினேன். முழுவதையும் படித்தாள். பிறகு, "நீங்க ஆஸ்பத்திரில வச்சு என்ட்ட சத்தம் போட்டிய. இதைச் சொல்ல மட்டும் வாசல்ல நின்னு மெதுவா பேசுதிய" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சொன்னதில் என்ன தப்பு?

உன்மேல் உள்ள கோபம் குறையவில்லை. ஆனால் நீ மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நான் நல்லவளாக உட்கார்ந்திருப்பது சரியில்லை. உன் நிக்காஹ் அன்று நான் பிரியாணி சாப்பிடாமல் கிளம்பினேனே, தலைவலி என்றேனே, தலைவலி இல்லை. நீ அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாய். அது நம் அறையில் நான் மட்டும் பார்த்த சிரிப்பு. பொறுக்கவில்லை. வேல்விழி பெயரைப் போடும்போது அவள் உழைப்பை நினைத்துத்தான் போட்டேன். ஆனால் நீ பார்ப்பாய் என்றும் நினைத்தேன். பார்க்கட்டும் என்றும் நினைத்தேன். நாற்காலியைப் பற்றி எழுதியது வேண்டுமென்றேதான்.

ஆனால் நான் எரிந்ததில் யார் கையும் ஒடியவில்லை. அந்த வித்தியாசத்தை நீ மறந்துவிடாதே.

உன் பெயரை எடுக்க மாட்டேன். நீ செய்தது அந்தப் பக்கத்தில் செய்தது. பெயரும் அங்கேயே இருக்கட்டும்.

வடிவம்மாள் நம்பரையும் வேல்விழி நம்பரையும் கீழே கொடுத்திருக்கிறேன். எனக்கு எழுதிய அளவுக்கு அவர்களிடமும் வாயைத் திறந்து சொல். சொன்ன பிறகு எனக்கு எழுது. அதுவரை வேண்டாம்.

ஜெயசித்ரா

மஸ்கட்
4 ஆகஸ்ட் 2025

ஜெயா,

இரண்டு பேரிடமும் பேசிவிட்டேன்.

வடிவம்மாளிடம்தான் முதலில். யார் என்று கேட்டார். சொன்னேன். பக்கம், பட்டை, கடைசி வரி எல்லாவற்றையும் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முயன்றேன். பிறகு கேட்டார்.

"அந்தப் பிள்ளை உனக்கு என்ன தாயி செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல."

"நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல."

அந்தப் பக்கம் மாட்டின் கழுத்து மணி ஒலித்தது. "இந்தக் கையை வச்சுப் பால் பீச்ச முடியல. இந்தச் சனியன் வேற யாரு கை பட்டாலும் ஒதைக்கி. எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளா தொடையைத் தடவிக்கிட்டு அலையுதாரு" என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, நான் சிரிக்கவில்லை. பிறகு குரல் மாறியது. "வயித்தெரிச்சல் எல்லாருக்கும் வரும் தாயி. எங்க ஓரகத்தி கம்மல் போட்டதைப் பாத்து நானும் எரிஞ்சிருக்கேன். ஆனா அவ காதை அறுக்கலியே."

போனை வைத்துவிட்டார்.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் வந்து என்ன என்று கேட்டார். நான் இவரிடம் இதுவரை எதையும் சொல்லவில்லை. அன்று எல்லாவற்றையும் சொன்னேன். ஹபீபுல்லா என்கிற மனிதர் ஒரு மணி நேரம் முழுதாக நான் பேசியதைக் கேட்டது அன்றுதான். கடைசியில், "அந்தப் பிள்ளைட்டயும் பேசிரு. நாளைக்குன்னு வச்சா பேச மாட்ட" என்றார்.

வேல்விழி மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"சொல்லுங்கக்கா." அக்கா என்றே கூப்பிட்டாள்.

மன்னித்துவிடு என்றேன். அவள் அதைக் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. "எம் பேரைக் காணும்னதும் ஜெயாக்காதான் எடுத்துட்டாவன்னு நெனச்சேன். எட்டு நாளு அதை மனசுல வச்சுக்கிட்டே அவியகூட உக்காந்து வேலை பாத்தேன். கேக்கணும்னு நெனப்பேன், கேட்டா போகச் சொல்லிருவாவளோன்னு பயம்" என்றாள்.

பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை. "நீங்க எழுதினதை எல்லாம் பாத்துத்தான் நான் இந்த வேலையே படிச்சேன்க்கா. காலேஜ்ல உங்க பேஜைத் தொறந்து உள்ள எப்படி எழுதியிருக்கியன்னு ஒவ்வொரு வரியா பாப்பேன். அவ்வளவு தெரிஞ்ச நீங்க, கடைசில எது இருந்தாலும் நீக்குன்னு பொத்தாம்பொதுவா எழுதலாமா?"

அவள் என்னைப் பொறாமைக்காரி என்று திட்டவில்லை. வேலை தெரியாதவள் என்று திட்டினாள்.

சஃப்ரின்

தென்காசி
10 ஆகஸ்ட் 2025

சஃப்ரின்,

வேல்விழி நேற்று வந்தாள். என்னிடம் அதிகம் பேசவில்லை. இரண்டு நிபந்தனை சொன்னாள். ஒன்று, இனி யார் எதை மாற்றினாலும் தேதியோடு, பெயரோடு பதிவாக வேண்டும். அதற்கான ஏற்பாட்டை அவளே மத்தியானத்துக்குள் செய்துவிட்டாள். நாம் நாலு வருடமாகச் செய்யாதது.

இரண்டாவது உன்னைப் பற்றி. "சஃப்ரின்க்கா எழுதட்டும். நல்லா எழுதுவாவ. ஆனா அவிய எழுதுதது எதுவா இருந்தாலும் நான் பாத்து சரின்னு சொன்ன பெறவுதான் பக்கத்துல ஏறணும்."

நான் அவளிடம், இது உன்னைச் சிறுமைப்படுத்துகிற மாதிரி ஆகாதா என்று கேட்டேன். "ஆகும்" என்றாள்.

நானும் சரி என்றுவிட்டேன். உனக்குச் சம்மதம் என்றால், வற்றிய அருவிகளின் அட்டைகளை மொத்தமாக நீக்குகிற பகுதியைத் திருத்தி அனுப்பு. சீசன் முடியப்போகிறது, ஒன்றொன்றாக நீக்கக் கை வலிக்கிறது. சம்மதம் இல்லை என்றால் சொல்ல வேண்டாம், அனுப்பாமல் இருந்துவிடு. நான் புரிந்துகொள்வேன்.

ஜெயா

மஸ்கட்
19 ஆகஸ்ட் 2025

ஜெயா,

மூன்று நாள் யோசித்தேன். பிறகு எழுதி அனுப்பினேன். நாலு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் பத்து தடவை பார்த்து, இதில் அவள் குறை சொல்ல ஒன்றுமே இருக்கக்கூடாது என்று எழுதியது. பெயரெல்லாம் அழகாக வைத்திருந்தேன். 'பெட்டி2' எங்கேயும் கிடையாது.

இன்று காலை பதில் வந்தது. ஆறு வரி.

'அக்கா, வற்றிய அட்டைகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குகிறீர்கள். ஒன்றை நீக்கியதும் அடுத்தது அதன் இடத்துக்கு நகர்ந்துவிடும். நீங்கள் அதைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுகிறீர்கள். இரண்டு அருவி அடுத்தடுத்து வற்றியிருந்தால் ஒன்று தப்பித்துவிடும். கடைசியிலிருந்து முதலுக்கு நீக்கிக்கொண்டு வந்தால் சரியாகிவிடும். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது.'

அப்படியிருக்காது என்று ஓட்டிப் பார்த்தேன். புலியருவியையும் சிற்றருவியையும் வற்றவைத்தேன். ஒன்று போனது, ஒன்று அசையாமல் நின்றது. மறுபடி ஓட்டினேன். அதேதான். நம் கல்லூரிப் புத்தகத்தை உம்மாவிடம் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. இதெல்லாம் ஆரம்பப் பாடம் ஜெயா. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு மறந்துவிட்டது.

எரிச்சலில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். இவர் சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

உன்னிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். எதுவும் அடங்கவில்லை. அவள் உன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆறு வரியை எழுதியிருப்பாள், நீ எட்டிப் பார்த்துச் சிரித்திருப்பாய் என்று இப்போதுகூட நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். சிரித்தாயா? சொல்ல வேண்டாம்.

அவள் சொன்ன மாதிரியே மாற்றி அனுப்பிவிட்டேன். கீழே, 'நீ சொன்னது சரி வேல்விழி. நன்றி' என்று எழுதினேன். அவள் பெயரை அவளுக்கே நான் தட்டச்சு செய்து அனுப்பியது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு வரியை எழுத எனக்கு நாற்பது நிமிடம் ஆனது.

இதை அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதே.

சஃப்ரின்